சுவருக்குச் சட்டம் உண்டு, நாற்காலிக்கு இல்லை

லண்டன் கென்சிங்டன் பகுதியில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் 18ஆம் எண் வீட்டின் வரவேற்பறையில் சுவரே தெரியாத அளவுக்குப் படங்கள் மாட்டியிருக்கின்றன. அந்தப் படங்களுக்குப் பின்னால் வேறொரு சுவர்த்தாள் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்காரர் எட்வர்ட் லின்லி சாம்பர்ன், 'பஞ்ச்' பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர். குடிவந்த புதிதில் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் நிறுவனத்தின் தாளை ஒட்டினார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், தோல்போலப் புடைப்பு வேலை செய்த ஜப்பானியத் தாளுக்கு மாறினார். அது விலை கூடிய சரக்கு. படம் மறைக்கிற இடத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அங்கெல்லாம் புதுத் தாளை ஒட்டாமல் விட்டுவிட்டார். அவர் மிச்சம் பிடித்த சில ஷில்லிங்குகளால் மாரிஸின் தாள் வெளிச்சம் படாமல் இன்றுவரை தப்பிக் கிடக்கிறது.

இந்த வீடு பாரம்பரியச் சொத்து என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எதனால் அப்படி என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது. கட்டடக் கலை என்று சொல்ல முடியாது. 1870ஐ ஒட்டி ஒரு கட்டுமானக்காரர் விற்பனைக்காக வரிசையாகக் கட்டித் தள்ளிய வீடுகளில் இதுவும் ஒன்று, பக்கத்து வீடும் எதிர் வீடும் இதே அச்சுதான். வாழ்ந்தவரின் பெருமை என்று சொல்லலாம் என்றால், ஆப்பிரிக்காவின் வடக்கில் ஒரு காலும் தெற்கில் ஒரு காலும் வைத்து நிற்கும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸின் கேலிச்சித்திரம் உலகெங்கும் வரலாற்றுப் பாடநூல்களில் இருக்கிறது. 1892இல் அதை வரைந்தவர் சாம்பர்ன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பழமையும் கைகொடுக்காது. 150 வயது என்பது லண்டனில் ஒரு வயதே இல்லை.

விக்டோரியா காலத்து நகர வீட்டின் மதிப்பு எங்கே இருக்கிறது, அதை யார் எப்படி அளந்தார்கள், அளந்ததில் எது விட்டுப்போனது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளில் அரிதானது சுவரும் கூரையும் அல்ல. சாதாரணப் பொருள்கள், வைத்தவர் வைத்த இடத்திலேயே, ஒன்றோடொன்று சேர்ந்து கிடப்பதுதான் அரிது. பாரம்பரியச் சட்டங்கள் மிகக் குறைவாகக் காப்பாற்றுவதும் அதைத்தான்.

வரி போனதும் வந்த ஜன்னல்

விக்டோரியா மகாராணி அரியணையில் இருந்தது 1837 முதல் 1901 வரை. அந்த 64 ஆண்டுகளில் கட்டப்பட்ட வீடுகளையெல்லாம் ஒரே பெயரில் அழைப்பது சோம்பேறித்தனம்தான். ஆனாலும் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த சில மாற்றங்கள் இங்கிலாந்தின் நகர வீட்டுக்கு ஒரு பொது முகத்தைக் கொடுத்தன. அதில் கலை ரசனைக்கு உள்ள பங்கைவிட வரி நீக்கத்துக்கு உள்ள பங்கு அதிகம். அச்சிட்ட சுவர்த்தாளின் மேலிருந்த வரி 1836இல் போயிற்று. கண்ணாடி வரி 1845இல், செங்கல் வரி 1850இல், ஜன்னல் வரி 1851இல் நீங்கின. பெரிய கண்ணாடிப் பலகைகள் போட்ட, தெருவை நோக்கித் துருத்திய ஜன்னல்கள் அதற்குப் பிறகுதான் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டின. ரயில் வந்து தொலைதூரத்துச் செங்கல்லும் வேல்ஸ் நாட்டுக் கூரைப் பலகைக் கல்லும் எந்த நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

கட்டிய முறையும் அப்படித்தான். நிலம் பெரும்பாலும் பெரும் பண்ணைக் குடும்பங்களுக்குச் சொந்தம். கட்டுமானக்காரர் அதை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கி, பத்துப் பத்து வீடுகளாகக் கட்டிக் குத்தகையை விற்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். முகப்பில் வெள்ளைச் சாந்துப் பூச்சு, வாசலில் இரண்டு தூண். பின்பக்கம் போனால் வெறும் செங்கல். காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் செலவு செய்வது சாம்பர்ன் கண்டுபிடித்த தந்திரம் அல்ல, அவர் வீட்டைக் கட்டியவரும் அதையேதான் செய்திருந்தார்.

உள்ளே, குறைந்த அகலமும் பல மாடியுமாக உயரும் அடுக்கு. அடியில் சமையலறை, தரைத்தளத்தில் சாப்பாட்டறை, முதல் மாடியில் வரவேற்பறை, அதற்கு மேல் பெரியவர்களின் படுக்கையறைகள், உச்சியில் குழந்தைகளும் பணிப்பெண்ணும். கரியும் வெந்நீரும் கீழிருந்து மேலே போக வேண்டும், சாம்பலும் அழுக்கு நீரும் மேலிருந்து கீழே வர வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தால் மட்டுமே இந்த வீடு வீடாக இயங்கும். படிக்கட்டைப் பார்த்து அழகு என்று சொல்கிறவர்கள், அதில் நாள் முழுதும் வாளி தூக்கிய பெண்ணின் முழங்காலையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பை அளந்தவர்கள்

1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியவர் வில்லியம் மாரிஸ். அதே ஆண்டுகளில் அவருடைய நிறுவனத்தின் தாள்தான் சாம்பர்ன் வீட்டுச் சுவரில் ஏறியது. மாரிஸ் காக்க நினைத்ததோ இடைக்காலத் தேவாலயங்களை. தான் தாள் விற்ற வீடுகளே ஒருநாள் காக்கப்பட வேண்டிய பட்டியலில் சேரும் என்று அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் பழையதைத் திருத்திப் புதுப்பிக்காதே, பழுதுமட்டும் பார் என்று அவர் வகுத்த நெறி இன்றைக்கும் பாதுகாப்பாளர்களின் பாலபாடம்.

ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் அலாய்ஸ் ரீகல் 1903இல் இந்தக் கேள்விக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். ஒரு பழம்பொருளுக்கு வரலாற்று மதிப்பு ஒன்று, வயது மதிப்பு ஒன்று. வரலாற்று மதிப்பு வேண்டுமென்றால் பொருள் தன் முதல் நிலையில் இருக்க வேண்டும். வயது மதிப்போ தேய்மானத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்றார் அவர். ஒரு நூற்றாண்டு கழிந்தும் எந்த வீட்டு அருங்காட்சியகத்திலும் இந்தச் சண்டை தீரவில்லை. திரைச்சீலை நைந்துவிட்டது என்றால் அதே அச்சில் புதிதாக நெய்து மாட்டுவதா, நைந்ததையே வலை போட்டுத் தைத்துக் காப்பதா?

பிறகு அரசாங்கங்கள் வந்தன. பிரிட்டனில் 1947ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம் கட்டடங்களைப் பட்டியலிடும் முறையை நிலைநிறுத்தியது. அதன் நடைமுறையில் ஒரு கோடு உண்டு. 1700க்கு முன் கட்டி ஓரளவு சிதையாமல் நிற்பது எதுவானாலும் பட்டியலில் ஏறும். 1700 முதல் 1850 வரை கட்டியதில் பெரும்பாலானவை ஏறும். 1850க்குப் பிறகு, பொறுக்கி எடுத்துத்தான். காரணம் எளிது: அவை ஏராளம். ஆக, விக்டோரியா காலத்து நகர வீடுகளில் மிகப் பெரும்பாலானவை கோட்டுக்குத் தப்பான பக்கத்தில் பிறந்தவை. பட்டியலுக்குள்ளும் மூன்று தரம். முதல் தரத்தில் ஏறக்குறைய 2.5 சதவீதம், நடுத்தரத்தில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, மீதி 90க்கு மேற்பட்டது கடைசித் தரம்.

பின்னாளில் அளவுகோல்கள் விரிந்தன. ஆஸ்திரேலியாவின் 1979ஆம் ஆண்டு பர்ரா சாசனம், கட்டடத்தைவிட 'இடம்' என்பதையும் அதன் பண்பாட்டு முக்கியத்துவத்தையும் முன்னே வைத்தது. பாரம்பரிய அமைப்பான இங்கிலீஷ் ஹெரிடேஜ் 2008இல் வெளியிட்ட கோட்பாடுகளில் சான்று, வரலாறு, அழகு, சமூகம் என நான்கு மதிப்புகள் வந்தன. கனடா, ஒரு வீட்டைப் பதிவேட்டில் சேர்க்கும்போது அதன் மதிப்பு எது, எந்தெந்த உறுப்புகளில் அது தங்கியிருக்கிறது என்று எழுதிவைக்கச் சொல்கிறது. இந்தக் கடைசி முறை எனக்குப் பிடித்தது. அழகு என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிடாமல், இந்தக் கைப்பிடி, இந்த அடுப்பு, இந்தக் கண்ணாடி என்று விரல்வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் விரல் எங்கே வரை நீளும்? இங்கிலாந்தின் பட்டியல் சட்டம் கட்டடத்தையும் அதில் நிலையாகப் பொருத்தியதையும் காக்கிறது. சுவரோடு கட்டிய அடுப்பு மாடம் உள்ளே, அதன்மேல் வைத்த கடிகாரம் வெளியே. பொருத்தியது எவ்வளவு உறுதியாக, எந்த நோக்கத்தோடு என்றெல்லாம் நீதிமன்றங்கள் அலசியிருக்கின்றன. தோட்டத்துக் கற்பீடங்களில் நின்ற இரண்டு பழைய ஈயக் கலசங்களை உரிமையாளர் விற்றுவிட்ட வழக்கில், அவை பட்டியலில் பெயர் பெற்றவையாக இருந்தும், முதலில் அவை கட்டடம் என்ற சொல்லுக்குள் வருமா என்று பார்க்க வேண்டும் என 2020இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு, அலமாரி நிறைந்த கடிதங்கள் பற்றி வழக்கே கிடையாது. அவை உரிமையாளரின் சொத்து. நாளைக் காலையில் ஏலத்துக்குப் போகலாம்.

இதன் விளைவை ஸ்டாஃபோர்ட் டெரஸுக்கு நடை தூரத்திலேயே பார்க்கலாம். ஓவியர் ஃபிரெடெரிக் லேட்டன் 1860களில் ஜார்ஜ் ஐச்சிசன் என்ற கட்டடக் கலைஞரைக்கொண்டு கட்டிய இல்லம் அங்கே இருக்கிறது. டமாஸ்கஸ் ஓடுகள் பதித்த அரபு மண்டபம், நடுவே நீரூற்று. எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் உட்காரும் கட்டடம். 1896இல் லேட்டன் இறந்ததும் உள்ளிருந்த படங்களும் மேசை நாற்காலிகளும் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சிதறிப்போயின. மண்டபம் நிற்கிறது, வாழ்ந்தவரின் வீடு போய்விட்டது. இன்று இரண்டு வீடுகளையும் நடத்துவது ஒரே நகராட்சி மன்றம். லேட்டன் இல்லத்தில் நாம் ஒரு கட்டடத்தைப் பார்க்கிறோம், சாம்பர்ன் வீட்டில் ஒரு குடும்பத்தின் கையிருப்பைப் பார்க்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்று யாராவது என் கழுத்தில் கத்தி வைத்தால், அரபு மண்டபத்தின் அழகு ஒருபுறம் இருக்கட்டும், நான் சாம்பர்ன் வீட்டின் பக்கம்தான் சாய்வேன்.

மாற்றாமல் விட்டவர்கள்

சாம்பர்ன் 1874இல் மேரியன் ஹெராபத்தை மணந்து மறு ஆண்டு இந்த வீட்டுக்குக் குடிவந்தார். மாமனார் வசதியான பங்குத் தரகர். மருமகன் வாரச் சம்பளக் கலைஞன், ஆனால் ஆசை லேட்டனுடையது. பழைய சாமான் கடைகளிலும் ஏலங்களிலும் வாங்கியவற்றை, ஒரிஜினலா நகலா என்று பார்க்காமல், அன்று செல்வாக்கோடு இருந்த அழகியல் இயக்கத்தின் பாணியில் அடுக்கினார். நீலவெள்ளைச் சீனப் பாத்திரங்கள், தானே வரைந்து கொடுத்துச் செய்த வண்ணக் கண்ணாடிகள், ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள். 1877இல் எடுத்த சாமான் பட்டியல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அன்றைக்கு இருந்தது எது, பிற்பாடு வந்தது எது என்று இன்று பிரித்துச் சொல்ல முடிவது அதனால்தான். மேரியன் 1881 முதல் தான் இறந்த 1914 வரை நாட்குறிப்பு எழுதினார். சாப்பாடு, தலைவலி, வேலையை விட்டுப்போன சமையல்காரி, வந்த விருந்தாளி என்று பெரும்பாலும் வீட்டு நடப்புகள். தன்னார்வலராக அந்த வீட்டில் பணியாற்றிய ஷெர்லி நிக்கல்சன் அவற்றை வைத்து 1988இல் ஒரு புத்தகமே எழுதினார்.

சாம்பர்ன் 1910இல் காலமானார். மகன் ராய் திருமணம் செய்துகொள்ளாமல் அதே வீட்டில் 1946 வரை இருந்தார், எதையும் பெரிதாக மாற்றவில்லை. பிறகு வீடு அவர் அக்கா மாட் என்பவரிடம் வந்தது, அங்கிருந்து அந்த அக்காவின் மகள் ஆன் கைக்கு. ராஸ் பிரபுவின் மனைவியாகிவிட்ட இந்த ஆன்தான் கதையின் திருப்பம்.

அந்த நாளில் 'விக்டோரியன்' என்பது வசவு. புழுதி படிந்த பொம்மை, கறுத்துப்போன மரம், பாசாங்கு என்றெல்லாம் அதற்குப் பொருள். படித்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் நேர்த்தியைக் கொண்டாடினார்கள், நகரத் திட்டக்காரர்கள் கான்கிரீட் அடுக்குமாடிகளைக் கனவு கண்டார்கள். போருக்குப் பிந்தைய மூன்று பதிற்றாண்டுகளில் சேரி ஒழிப்பு என்ற பெயரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிபட்டன. பெரும்பகுதி விக்டோரியா காலத்தவை. அவற்றில் பல உண்மையிலேயே குடியிருக்க லாயக்கற்றவை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சூழலில் 1957 நவம்பரில் ஆன் தன் தாத்தாவின் வரவேற்பறைக்கு நண்பர்களைக் கூப்பிட்டு, இந்தக் காலத்தைக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்றார். கவிஞர் ஜான் பெட்ஜமனும் கட்டட வரலாற்றாளர் நிகோலஸ் பெவ்ஸ்னரும் அந்த முயற்சியில் சேர்ந்தார்கள். 1958இல் விக்டோரியன் சொசைட்டி பிறந்தது.

அதன் முதல் பெரிய போர்கள் தோல்வியில் முடிந்தன. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் வாயில் வளைவு 1961-62இல் போயிற்று, நிலக்கரிச் சந்தை 1962இல். செயின்ட் பான்கிராஸ் நிலையமும் அதன் ஹோட்டலும் 1967இல் முதல் தரப் பட்டியலில் ஏறித் தப்பின. ரயில் நிலையங்களுக்காக எழுந்த கூச்சலின் அளவுக்கு வீடுகளுக்காக யாரும் கூச்சலிடவில்லை. ஆனால் அதே 1967இல் வந்த சட்டம் தனிக் கட்டடத்தைத் தாண்டி, தெரு முழுதையும் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவிக்க வழிசெய்தது. வரிசை வீடுகள் ஓரளவு மூச்சுவிட்டது அதற்குப் பிறகுதான். ஸ்டாஃபோர்ட் டெரஸ் வீட்டை 1980இல் கிரேட்டர் லண்டன் கவுன்சில், உள்ளிருந்த பொருள்களோடு வாங்கியது. விக்டோரியன் சொசைட்டி அதைப் பொதுமக்களுக்குத் திறந்து நடத்தியது. கவுன்சில் கலைக்கப்பட்ட பின் 1989இல் கென்சிங்டன்-செல்சீ நகராட்சி மன்றத்திடம் வந்தது. இடையில் 1985ஆம் ஆண்டுப் படமான 'எ ரூம் வித் எ வியூ'வுக்கு அறைகளை இரவல் கொடுத்தது. அரங்க அமைப்பாளருக்கு அன்று வேலை குறைந்திருக்கும்.

இந்தப் பிழைத்த கதையை மற்ற ஊர்களோடு வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. கிளாஸ்கோ நகரில் பக்லூ தெரு 145ஆம் எண் கட்டடம் 1892இல் எழுந்த அடுக்குக் குடியிருப்பு. அதில் நான்கு அறை கொண்ட ஒரு வீட்டுக்கு 1911இல் ஆக்னஸ் டோவர்ட், தையல்காரியான தன் தாயோடு குடிவந்தார். சுருக்கெழுத்துத் தட்டச்சர், திருமணம் இல்லை. தாய் 1939இல் இறந்தார். ஆக்னஸ் 1965இல் மருத்துவமனைக்குப் போகும்வரை அங்கேயே இருந்தார். பில், கடிதம், போர்க்காலத் துண்டறிக்கை, மருந்துச் சீட்டு என்று எதையும் எறியவில்லை. சமையலறைச் சுவரின் குழிவில் படுக்கை, பக்கத்தில் கரி அடுப்பு. 1929இல் போட்ட பிளம் ஜாம் ஒரு ஜாடியில் இன்னும் இருக்கிறது. மின்சாரம் 1960இல்தான் வந்தது. ஒரு நடிகை இந்த வீட்டை வாங்கி, கலைக்காமல் குடியிருந்து, 1982இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கு விற்றார். அறக்கட்டளை மறுபடி எரிவாயு விளக்கை ஏற்றியது. இங்கே ரீகலின் சண்டை அப்படியே நடக்கிறது. ஆக்னஸ் கடைசியில் வாழ்ந்தது மின்விளக்கில். எரிவாயு வெளிச்சம் அழகு, ஆனால் அதை ஏற்றுவதற்காக அவர் வாழ்க்கையின் கடைசி அத்தியாயத்தை அழித்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபிராங்க்ளின் தெருவில் 1886இல் பவேரிய யூத வணிகர் வில்லியம் ஹாஸ் கட்டிய மரவீடு 1906 நிலநடுக்கத்தைத் தாங்கியது. அதன்பின் மூண்ட பெருந்தீ ஒரு தெரு தள்ளி வான் நெஸ் அவென்யூவில் தடுக்கப்பட்டது. மகள் ஆலிஸ் லிலியந்தால், விதவையாகி, 1972 வரை அங்கேயே இருந்தார். அதன்பின் குடும்பம் வீட்டை நகரின் பாரம்பரிய அமைப்புக்குக் கொடுத்தது. லண்டனில் ஒரு பிரம்மச்சாரி, கிளாஸ்கோவில் ஒரு மணமாகாத பெண், இங்கே ஒரு விதவை. விக்டோரியா காலத்து வீட்டைக் காத்தது பெரும்பாலும் கொள்கை அல்ல, தனியாகத் தங்கிவிட்ட ஒருவரின் அசையாமைதான். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் எந்த நாற்காலியும் எழுபது ஆண்டு ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இதில் ஆய்வுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. தப்பியவை சராசரியானவை அல்ல. நெரிசலான வீடு, வாடகைக்கு விட்ட வீடு, ஏழைகளின் வீடு ஆகியவை தேய்ந்தும் மாறியும் இடிந்தும் மறைந்தன. பர்மிங்காமில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் ஒரே ஒரு முற்றத்தைச் சுற்றிய தொகுதி மட்டும் மிஞ்சி, 2004இல் அருங்காட்சியகமாயிற்று. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண், 1863இல் கட்டிய குடியேறிகளின் குடியிருப்பு, தப்பியதும் விநோதமான வழியில்தான். 1935இல் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றச் செலவழிக்க மனமில்லாத உரிமையாளர், மேல்தளங்களில் குடியிருந்தவர்களை வெளியேற்றிக் கதவை அடைத்தார், கீழே கடைகள் மட்டும் நடந்தன. அரை நூற்றாண்டு கழித்து 1988இல் அருங்காட்சியகம் தேடி வந்தவர்கள் பார்த்தது, உரிந்து தொங்கும் சுவர்த்தாள்களோடு அப்படியே நின்ற அறைகளை. அந்தச் சான்றுகளுக்கான விலையைக் கொடுத்தவர்கள் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவும் அந்தக் கணக்கில் சுத்தம் இல்லை. வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில் 'மறுமேம்பாடு' என்று ஆயிரக்கணக்கான விக்டோரியா காலத்து வீடுகளை இடித்து, கறுப்பின மக்களையும் ஜப்பானிய அமெரிக்கர்களையும் பெயர்த்தார்கள். அதே பாரம்பரிய அமைப்பு 1974இல் பன்னிரண்டு வீடுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோய் வைத்தது. வீடு பிழைத்தது, அக்கம்பக்கம் பிழைக்கவில்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பல வண்ண வீடுகளின் பளபளப்பும் 1960களில் தொடங்கிய மோகம்தான், விக்டோரியா காலத்து வண்ணப் பூச்சு அல்ல. லண்டனிலோ, நொடிந்துபோன பெரிய விக்டோரியா வீடுகள் வசதியுள்ளவர்கள் கைக்கு மாறுவதையும் பழைய குடிகள் விலகுவதையும் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இலேயே எழுதிவைத்தார். பாரம்பரிய மதிப்பு கூடக் கூட வீட்டு விலை கூடும். அதைக் காக்கச் சொல்கிறவர்கள் இந்தப் பழியிலிருந்து நழுவ முடியாது.

இழுப்பறைக்குள் இருப்பவை

பொருள்கள் ஒன்றுசேர்ந்து இருப்பதே மதிப்பு என்றால், சங்கடமானவையும் சேர்ந்துதான் வரும். சாம்பர்ன் வரைவதற்கு முன் படம் பிடிப்பார். மனைவி, பிள்ளைகள், பணிப்பெண், குதிரைக்காரர், சில சமயம் தானே, வேண்டிய கோலத்தில் நிற்க, எடுத்ததைக் குளியலறையில் கழுவி, நீலநிற சயனோடைப் படங்களாக அச்சிட்டு வைப்பார். ஆயிரக்கணக்கில் அவை மிஞ்சியிருக்கின்றன. வாரந்தோறும் குறித்த நேரத்துக்குள் கேலிச்சித்திரம் முடிக்க வேண்டிய ஒருவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அதே பெட்டிகளில் ஆடையில்லாத மாடல்களின் படங்களும் ஏராளம். 1900களின் நடுவில், மறைத்து வைத்த கேமராவால், கென்சிங்டன் தெருக்களில் நடந்துபோகும் பெண்களை, பள்ளிச் சிறுமிகளையும் சேர்த்து, அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்களும் அங்கே இருக்கின்றன. வீட்டை 'அழகியல் காலத்தின் மாணிக்கம்' என்று மட்டும் விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது இடைஞ்சல். ஆனால் இவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது கடை ஜன்னல். பேரப்பிள்ளைகள் இந்தப் பெட்டிகளை எரிக்காமல் விட்டதை நான் அவர்களுடைய பெருந்தன்மையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பணியாட்களின் பக்கம் இன்னும் வறண்டது. குடும்பத்தின் நாட்குறிப்பு இருக்கிறது, சமையல்காரியின் நாட்குறிப்பு இல்லை. மேரியன் எழுதியதன் இடுக்கில்தான் அவர்களைப் பார்க்க முடியும்: வந்தாள், உடைத்தாள், போனாள். உச்சி மாடியில் பணிப்பெண் அறை இருந்த இடம் தெரியும், அதில் அவள் வைத்திருந்தது எதுவும் இல்லை. அதை நிரப்ப வேண்டுமானால் அதே காலத்துப் பொருள்களை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும். மற்ற அறைகளில் சான்று, அந்த அறையில் ஊகம். பார்வையாளருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியே காட்ட வேண்டும்.

குடியிருக்கும் வீடுகள்

அருங்காட்சியகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இங்கிலாந்தின் குடியிருப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919க்கு முந்தையது. அவற்றில் மக்கள் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், குளிரில் நடுங்குகிறார்கள். பாரம்பரியக் கேள்வி இன்று அதிகம் எழுவது இங்கேதான்.

இந்த வீடுகளின் சுவர் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல். நடுவில் காற்றிடைவெளி இல்லை. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது, உள்தடுப்புகளில் மெல்லிய மரப்பட்டிகளின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. மழையில் நனையும் சுவர் காரை வழியாகவே காய்ந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் வந்த கொத்தனார்கள் தேய்ந்த இணைப்புகளை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் மிருதுவான செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உறைபனியில் செங்கல்லின் முகம் பெயர்ந்து விழும். நம் ஊரில் பழைய சுண்ணாம்பு வீட்டுக்கு சிமென்ட் பூசி, ஓராண்டில் சுவர் பொருமுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்பம் காக்க உள்பக்கம் தகடு அடித்தாலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். உத்தர முனைகள் குளிர்ந்த சுவருக்குள் ஈரத்தில் ஊறும். மேலும் கீழும் நகரும் பழைய மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் சட்டம் போடுவதா, உள்ளே இரண்டாவது கண்ணாடி வைப்பதா என்ற வழக்கு ஒவ்வொரு நகராட்சி மன்றத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டினால் எரிபொருள் மிச்சம் என்பவர்கள், நிற்கிற செங்கல்லைச் சுட ஏற்கெனவே எரித்த கரியையும் புதிய சிமென்ட்டுக்கு இனி எரிக்கப்போவதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தெருப்பக்கத்தைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு கண்விழித்திருக்கிறது. பாதுகாப்புப் பகுதியில் முழு வீட்டையும் இடிக்க அனுமதி வேண்டும், சில தெருக்களில் ஜன்னலை மாற்றக்கூட விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வீடு தனியாகப் பட்டியலில் இல்லை என்றால், வாசற்கதவுக்கு உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. அடுப்பு மாடத்தைப் பெயர்க்கலாம், கூரையோரச் சிற்ப வேலைப்பாட்டை உடைக்கலாம், மூன்று அறைகளை ஒன்றாக்கலாம். பாரம்பரியத்தின் பெயரில் எந்த அனுமதியும் தேவையில்லை. வெள்ளைத் தூண் இரண்டும் கறுப்புக் கதவும் 1870இல் நின்றபடி நிற்க, பின்னால் எதுவும் மிஞ்சாத வீடுகள் மேற்கு லண்டனில் தெருத்தெருவாக இருக்கின்றன. பட்டியலில் உள்ள கட்டடத்தை மாற்ற அனுமதி கொடுக்கும்போது, மாற்றுவதற்கு முன் அதை அளந்து படம் பிடித்து ஆவணத்தில் வை என்று நிபந்தனை போடும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. அதற்கான வழிகாட்டி நூல்களும் நிலைப்படுத்திய படிநிலைகளும்கூட இருக்கின்றன. பட்டியலில் இல்லாத லட்சக்கணக்கான வீடுகளின் உட்புறத்துக்கு அப்படியொரு நிபந்தனை போட யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒருவர் செத்துப்போய் வீடு விலைக்கு வரும்போது, சாமானை அள்ளிப்போகும் வண்டி வருவதற்கு முன் ஒரு நாள் அவகாசமும் ஒரு கேமராவும் ஒரு சாமான் பட்டியலும் போதும். 1877இல் சாம்பர்ன் வீட்டில் எடுத்தது அப்படியொரு பட்டியல்தான், அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.